துவாஸ் நாய் ஒன்று, இரண்டு மாதம் எங்கள் வீட்டில்: வைத்திருந்துவிட்டுக் கொடுக்க முடியுமா?

ஈசூன்வாசி | 7 ஜூன், இரவு 10.42

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வெறுமனே படித்துவிட்டுப் போகிறவள். இன்று கேட்க ஒரு விஷயம் வந்துவிட்டது.

ஈசூனில் நாலறை வீடு, ஒன்பதாவது மாடி. நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இருவர் (11, 7), மாமியார். நாய் அனுபவம் என்றால் ஊரில் தாத்தா வீட்டு நாயோடு சரி, அதுவும் வாசப்படி தாண்டி உள்ளே வந்ததில்லை. மார்ச்சிலிருந்து ஞாயிறு காலைகளில் சுங்கை தெங்காவில் ஒரு மீட்புக் குழுவின் காப்பகத்துக்குப் போய் நாய்களை நடைக்குக் கூட்டிப்போகிறேன். அங்கே ஒரு பெட்டை நாய். இரண்டு வயது இருக்கும், செம்பழுப்பு நிறம், துவாஸில் தொழிற்சாலை வட்டாரத்தில் பிடித்தது. கருத்தடை ஆகிவிட்டது. மற்ற நாய்கள் எல்லாம் ஆள் வந்தால் கம்பியில் ஏறிக் குரைக்கும். இது மட்டும் கடைசி மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆறு வாரம் கழித்துத்தான் என் கையிலிருந்து கோழித்துண்டு எடுத்தது.

போன வாரம் குழுவிலிருந்து கேட்டார்கள்: இரண்டு மாதம் ஃபாஸ்டராக வீட்டில் வைத்துக்கொள்கிறீர்களா, அதற்குள் நிரந்தர வீடு தேடிவிடுகிறோம் என்று. வீட்டுக்காரர் சரி என்கிறார். மாமியாருக்கு இஷ்டமில்லை. சாமி அறை இருக்கிற வீட்டில் நாயா என்கிறார். பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம்.

என் பயம் வேறு. இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு என்னால் கொடுக்க முடியுமா? செய்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_தேநீர் | 7 ஜூன், இரவு 11.05

கொடுக்க மாட்டீர்கள். அடுத்த வருடம் "எங்கள் செல்லத்துக்குப் பிறந்தநாள்" என்று படம் போடுவீர்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மாடி12 | 8 ஜூன், காலை 7.20

பாசத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் சட்டம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வைக்கலாம். அதுவும் அனுமதிப் பட்டியலில் உள்ள 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். நம் சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய், அந்தப் பட்டியலில் கிடையாது. அதற்கென்று 2012-இல் வந்ததுதான் அடோர் திட்டம். அதில் சேர்ந்திருக்கும் குழுக்கள் மூலமாக வரும் கலப்பின நாய்க்கு மட்டும் வீவக வீட்டில் இடம் உண்டு. முன்பு தோள்பட்டை உயரம் 50 செ.மீ., எடை 15 கிலோ என்று இருந்தது. 2020-இல் உயரத்தை 55 ஆக்கி, எடைக் கணக்கை எடுத்துவிட்டார்கள். (அந்தப் பழைய 15 கிலோ வரம்பால் எத்தனை நாய்கள் வருடக்கணக்கில் கூண்டிலேயே கிடந்தன என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.)

ஆகவே குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். இந்த நாய் அடோரில் வருமா? அளந்தாயிற்றா? லைசென்ஸ் யார் பெயரில்? மைக்ரோசிப்பில் யாருடைய தொலைபேசி எண்? வைத்தியச் செலவு யாருடையது, நடுராத்திரி அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குப் போவது, யாரை எழுப்புவது? வாயால் "பார்த்துக்கலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அனுமதியில்லாத நாய் வைத்தால் 4,000 வெள்ளி வரை அபராதம் போடலாம். அதைவிட, யாராவது புகார் கொடுத்து நாயைப் பாதியில் திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் அதற்குத்தான் கஷ்டம்.

வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரையும் கேட்க வேண்டும். உங்களுடையது சொந்த வீடு போல் தெரிகிறது.

ஜூரோங்_மாமா | 8 ஜூன், காலை 9.48

கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு இது புரியவே இல்லை. மூலையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஜீவனைக் கொண்டுவந்து, மெத்தை போட்டு, பிள்ளைகளோடு பழகவிட்டு, "சரி, நீ கிளம்பு" என்று வேறொரு வீட்டுக்கு அனுப்புவதா? அதற்கு என்ன தெரியும்? இரண்டாவது தடவை கைவிட்டார்கள் என்றுதானே நினைக்கும்? வைத்துக்கொள்ள முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் ஆசை காட்டாதீர்கள். பிள்ளைகளுக்கும் அதே பாடம்தான் போகும்.

பிடோக்_அத்தை | 8 ஜூன், பிற்பகல் 2.15

ஜூரோங் மாமா கேட்டது நியாயமான கேள்வி. முதல் நாயைக் கொடுத்துவிட்டு வந்த அன்று நானும் டாக்சியில் உட்கார்ந்து அதையேதான் நினைத்தேன். இப்போது பதினோரு நாய்கள் ஆகிவிட்டன, தரைவீட்டில் இருக்கும் என் அக்காவோடு சேர்ந்து பார்த்தவை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கூண்டில் இருக்கிற நாயைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. காப்பகத்தில் நல்ல பிள்ளைகள்தான் வேலை செய்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாய் லிஃப்டில் ஏறுமா, தனியாக விட்டால் கதவைப் பிறாண்டுமா, குழந்தை ஓடினால் துரத்துமா, மிக்ஸி சத்தத்துக்கு என்ன செய்யும்? எதற்கும் அங்கே பதில் கிடைக்காது. தத்தெடுக்க வருகிறவர் இந்த எதையும் அறியாமல் கூட்டிப்போவார். மூன்றாம் வாரம் நாய் சோபாவைக் கிழித்து நிற்கும். திரும்ப அழைத்து வருவார்கள். மாமா சொல்லும் அந்தக் கைவிடல் அங்கேதான் நடக்கிறது. ஃபாஸ்டர் வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குப் போகிற நாய் நான் பார்த்தவரை நாலைந்து நாள் வாசலைப் பார்க்கும், சாப்பாடு குறையும், அப்புறம் பழகிவிடும். ஒரு வீட்டில் இருக்கக் கற்றுக்கொண்ட நாய்க்கு அடுத்த வீடு சுலபம்.

ஈசூன் தங்கச்சி, இதை முதல் நாளிலிருந்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் அன்பு காட்டுவதற்காக மட்டும் உங்களைக் கூப்பிடவில்லை, அது தானாக வரும். இந்த நாய் ஒரு வீட்டுக்குள் எப்படி இருக்கும் என்று பார்த்து எழுதித் தரத்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். தினமும் நாலு வரி எழுதுங்கள்: என்ன சாப்பிட்டது, எங்கே தூங்கியது, எதற்குப் பயந்தது, யாரைப் பார்த்து உறுமியது. நல்லதை எழுத யாரும் சொல்லித்தர வேண்டாம், கெட்டதை எழுதுங்கள்.

இன்னும் சில. முதல் மூன்று நாள் யாரும் தொடக்கூடாது, விருந்தாளி வரக்கூடாது, குளிப்பாட்டக்கூடாது. பிள்ளைகளிடம் "இவள் விருந்தாளி, பேச வந்தால் பேசு" என்று சொல்லுங்கள். வெளியே போகும்போது இரண்டு வார்: ஒன்று இழுத்தால் இறுகும் மார்ட்டிங்கேல் கழுத்துப்பட்டையில், ஒன்று உடம்புப்பட்டையில். பயந்த நாய் பின்னால் இழுத்தால் சாதாரணப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும். ஓடிப்போகிற நாய்களில் முக்கால்வாசி முதல் வாரங்களில், உணவு டெலிவரிக்குக் கதவைத் திறந்த நேரத்தில் ஓடுகின்றன. இது என் கணக்கு, ஆனால் எந்தக் குழுவைக் கேட்டாலும் தலையாட்டுவார்கள். இரும்புக் கேட்டின் கம்பி இடைவெளியில் வலை கட்டுங்கள். எனக்கும் ஒரு தடவை ஒன்று நழுவியது. துரத்தாதீர்கள், துரத்தினால் சாலைக்குத்தான் ஓடும். உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன், இருபது நிமிடத்தில் வந்தது. கழுத்துப்பட்டையில் ஒரு ஏர்டேக் (எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் வில்லை) மாட்டிவிட்டால் தூக்கம் வரும்.

மாமியார் விஷயத்தில் சண்டை வேண்டாம். சாமி அறையும் சமையலறையும் நாய்க்குக் கிடையாது என்று முதல் நாளே கோடு போட்டுவிடுங்கள். அது நாய்க்கும் நல்லது.

ஈசூன்வாசி | 10 ஜூன், இரவு 9.30

எழுத்தில் வாங்கிவிட்டேன். அடோரில் வரும், 51 செ.மீ., லைசென்ஸும் வைத்தியச் செலவும் குழுவுடையது. சனிக்கிழமை வருகிறாள். காப்பகத்தில் மோக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அவள் காதைக்கூட அசைப்பதில்லை. மாமியார் தன் அறையிலிருந்து பேசுகிறார், "நான் அந்தப் பக்கம் வர மாட்டேன், அது இந்தப் பக்கம் வரக்கூடாது". ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

உண்ணி_எதிரி | 10 ஜூன், இரவு 10.10

என் பெயரைப் பார்த்தாலே என்ன சொல்லப்போகிறேன் என்று தெரிந்திருக்கும். விலங்கு மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவன்.

துவாஸ், லிம் சூ காங் பக்கத்து நாய் என்றால் உண்ணிக் காய்ச்சல் வந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்குங்கள். இதயப்புழுப் பரிசோதனையும் ஆகியிருக்க வேண்டும். அது கொசுவால் வருவது, நம் ஊரில் கொசுவுக்குப் பஞ்சமா? வந்துவிட்டால் சிகிச்சை மாதக்கணக்கில் போகும், அத்தனை நாளும் நாய் ஓடாமல் அடங்கிக் கிடக்க வேண்டும். தடுப்பு மருந்து மாதம் ஒரு தடவை, தேதி தவறக்கூடாது.

தினமும் நடை முடிந்து வந்ததும் விரல் இடுக்கு, காதின் உள்மடல், வால் அடி, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். மிளகு மாதிரி கையில் தட்டுப்படும். நசுக்காதீர்கள், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டவே வேண்டாம். நாய் திடீரென்று சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால், ஈறு வெளுத்திருந்தால், மூக்கில் ரத்தம் வந்தால் அன்றே டாக்டர். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் 28 நாள் இருக்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும்.

நம் வீட்டுச் சாப்பாட்டில் கவனம். வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம், ரத்த அணுக்களை உடைக்கும். சாம்பார் சோறு, மீன்குழம்பு மிச்சம் எல்லாம் கூடாது. வெறும் தயிர் சோறு கொஞ்சம் சரி. திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எல்லாம் கூடவே கூடாது. தாத்தா வீட்டு நாய் இதையெல்லாம் தின்று வாழ்ந்ததே என்று யாராவது கேட்பார்கள். தாத்தா வீட்டு நாய் எத்தனை வயதில் செத்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

வெறிநாய்க்கடி பயம் மட்டும் இங்கே இல்லை. 1953-இலிருந்து சிங்கப்பூரில் அந்த நோய் கிடையாது.

பக்கத்துவீட்டுக்காரன் | 11 ஜூன், காலை 6.50

நான் முஸ்லிம். என் பக்கத்து வீட்டிலும் ஒரு ஃபாஸ்டர் நாய் வந்து போகும். கேட்காமலே சொல்கிறேன், உதவியாக இருக்கும்.

எங்களுக்கு நாய் மேல் கோபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாகமான நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவ மன்னிப்புக் கிடைத்தது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பிரச்சினை எச்சில்தான். ஷாஃபி வழியில் இருக்கும் எங்கள் வீட்டில் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்குக் கிளம்பிய மனிதரின் காலை லிஃப்டில் நாய் முகர்ந்தால் அவர் திரும்ப மாடி ஏற வேண்டும். அவ்வளவுதான்.

என் பக்கத்து வீட்டம்மா செய்தது: நாய் வருவதற்கு முந்தின நாள் எங்கள் கதவைத் தட்டி, எத்தனை வாரம் இருக்கும், எந்நேரம் கீழே போகும் என்று சொன்னார். லிஃப்டில் ஆள் இருந்தால் "நீங்கள் போங்கள்" என்று நின்றுகொள்வார். வாரைச் சுருக்கிச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்வார். தாழ்வாரத்தில் ஒன்றுக்குப் போய்விட்டால் அவரே தண்ணீர் விட்டுத் துடைப்பார். என் அம்மா இப்போது அவர் வீட்டு நாய்க்கு எந்த ஊரில் வீடு கிடைத்தது என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

ஈசூன்வாசி | 17 ஜூன், இரவு 11.20

மூன்று நாள் முடிந்தது. நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

சனி: வண்டியிலிருந்து இறங்கியதும் லிஃப்டைப் பார்த்து நாலு காலையும் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டாள். பதினெட்டுக் கிலோ. வீட்டுக்காரர் ஒன்பது மாடியும் படியில் தூக்கி வந்தார், ஞாயிறு முழுக்க முதுகுவலித் தைலம். வந்தவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போனாள், அங்கேயேதான். 22 மணி நேரம் ஒன்றுக்குப் போகவில்லை. நான் பயந்து குழுவை எழுப்பினேன். புல் பார்த்தால்தான் போவாள், தரையில் போகத் தெரியாது என்றார்கள். மறுபடி ஒன்பது மாடி, கீழே புல்லைக் கண்டதும் ஒரு நிமிடம் நிறுத்தாமல் போனாள். தாங்க முடியாமல் எனக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியவில்லை.

ஞாயிறு: குக்கர் விசில். முதல் விசிலுக்கே சுவரோடு ஒட்டி நடுங்கினாள். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியில் பருப்பு வேகவைத்தார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மோக்கா, மோக்கா என்று பிள்ளைகள் கூப்பிட்டுக் களைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் "கம்", "சிட்", எதற்கும் அசைவில்லை. காது கேட்காதோ என்றுகூட யோசிக்கிறேன்.

துவாஸ்_தம்பி | 18 ஜூன், இரவு 12.35

அக்கா, நைட் ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன். ஏழு வருடமாகத் துவாஸில் வேலை. ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம்.

காது நன்றாகத்தான் கேட்கும். தமிழில் கூப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் யார்டு வேலிக்குப் பின்னால் எப்போதும் ஐந்தாறு நாய் இருக்கும். எங்களுக்கு வரும் சாப்பாட்டுப் பொட்டலத்தில் மிச்சமாவது அதுங்களுக்குத்தான். சில பேர் மிச்சம் இல்லாவிட்டாலும் மிச்சம் வைப்பார்கள். காட்டுப்பகுதியெல்லாம் வெட்டிக் கட்டடம் எழும்ப எழும்ப நாய் இந்தப் பக்கம் அதிகமாக வந்தது. 2018 கடைசியிலிருந்து பிடித்துக் கருத்தடை செய்து விடுகிற திட்டம் வந்தபிறகு குட்டிகள் குறைந்துவிட்டன, அதை நானே கண்ணால் பார்க்கிறேன். வண்டி வந்து கூண்டு வைக்கும்போது எங்களுக்கு மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். எங்கே போகிறது, திரும்ப வருமா என்று யாரும் எங்களிடம் சொல்வதில்லை, எங்களுக்கும் யாரைக் கேட்பது என்று தெரியாது.

செம்பழுப்பு என்றால் எங்கள் ஆட்கள் "செவலை" என்றுதான் கூப்பிடுவார்கள். மாட்டுக்கும் அதே பெயர், நாய்க்கும் அதே பெயர். சாப்பாடு வைக்கும்போது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி "இந்தா, இந்தா" என்போம். இரவில் நாய் பக்கத்தில் வந்து நிற்கும்போது நாங்கள் ஊருக்கு வீடியோ காலில் பேசிக்கொண்டிருப்போம். அதனால் அது கேட்ட பேச்சு முழுக்கத் தமிழ்தான், கொஞ்சம் வங்காளம் இருக்கும்.

எங்களோடு இருந்த செவலைக்கு வால் நுனி வெள்ளை. போன டிசம்பரில் போனது. உங்களுடையது அப்படியா?

ஈசூன்வாசி | 18 ஜூன், இரவு 8.05

தம்பி, வால் நுனி வெள்ளை இல்லை. வேறு நாய்தான். மன்னியுங்கள், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் இதைக் கேளுங்கள். காலையில் தட்டை இரண்டு தட்டுத் தட்டி "இந்தா, இந்தா" என்றேன். மேசைக்கு அடியிலிருந்து தலை வந்தது. "செவலை" என்றேன், இரண்டு காதும் நிமிர்ந்தன. நாலு நாளில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். என் பெரியவன் "அம்மா, இவ நம்ம ஆளு" என்று கத்தினான், உடனே திரும்ப மேசைக்கு அடியில் போய்விட்டாள். பரவாயில்லை.

இனி வீட்டில் மோக்கா இல்லை.

துவாஸ்_தம்பி | 19 ஜூன், இரவு 12.40

பரவாயில்லை அக்கா. படம் இருந்தால் போடுங்கள். ரூமில் காட்டுகிறேன்.

ஜூரோங்_மாமா | 19 ஜூன், காலை 8.15

சரி, படித்துக்கொண்டிருக்கிறேன். என் கருத்து மாறவில்லை. லிஃப்ட் என்னாயிற்று?

ஈசூன்வாசி | 6 ஜூலை, இரவு 10.00

மாமாவுக்காக லிஃப்ட் கதை. முதல் நாள் லிஃப்டுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து கோழித்துண்டு. கதவு திறக்கும், மூடும், அவ்வளவுதான். மறுநாள் ஆறடி. நாலாம் நாள் முன்கால் மட்டும் உள்ளே. எட்டாம் நாள் இரவு பதினொன்றரைக்கு, ஆள் நடமாட்டம் அடங்கியபின், என் சின்னவள் லிஃப்டுக்குள் தரையில் உட்கார்ந்து தட்டைத் தட்டினாள். செவலை உள்ளே போய்விட்டாள். அடுத்த புளோக் அங்கிள் ஒருவர் கீழே காத்திருந்தவர், கதவு திறந்ததும் உள்ளே குடும்பமே தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அடுத்த லிஃப்டுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் தேசிய தின ஒத்திகை விமானம் பறந்தால் கழிப்பறைக்குள் போய்விடுவாள். அங்கே ஒரு பழைய போர்வை போட்டு மின்விசிறியை ஓடவிட்டேன், இப்போது தானாகவே போய்ப் படுத்துக்கொண்டு முடிந்ததும் வருகிறாள். சமையலறை வாசலில் மாமியார் "ச்சீ, அந்தப் பக்கம்" என்று ஒரு தடவை சொன்னால் போதும், கோட்டுக்கு வெளியே முன்னங்கால் இரண்டையும் ஒட்டி வைத்துப் படுத்துக்கொள்வாள். நான் சொன்னால் கேட்பதில்லை.

இப்போது பிரச்சினை. ஒரு தம்பதி கேட்டிருக்கிறார்கள், ஹவ்காங்கில் இருக்கும் சீனக் குடும்பம், ஐம்பது வயதுக்காரர்கள். அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள். செவலைக்கு ஒரு குணம் இருக்கிறது. ஹெல்மெட் போட்ட ஆளைக் கண்டால் முடி சிலிர்த்துப் பாய்ந்து குரைக்கிறாள். டெலிவரிக்கு வருகிறவர்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள். கடித்ததில்லை, ஆனால் பார்க்கப் பயமாக இருக்கும். இதைக் குழுவின் படிவத்தில் எழுதினால் அவர்கள் வராமலே போய்விடுவார்களோ?

தேக்கா_தேநீர் | 6 ஜூலை, இரவு 10.25

எழுதாதீர்கள். முதலில் பார்க்கட்டும், பிடித்துப்போகட்டும், அப்புறம் பேச்சுவாக்கில் சொல்லலாம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் முதல் நாளே குறட்டை விடுவாள் என்றா சொல்வோம்? நான் தத்தெடுத்தபோது ஒரு குழு எனக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் உங்களுக்கெல்லாம் தெரியும், அவர்கள்

மட்டுறுத்துநர் | 6 ஜூலை, இரவு 10.31

மேலே உள்ள பதிவின் கடைசி வரி நீக்கப்பட்டது. குழுக்களின் பெயரைப் போட்டுக் குறை சொல்வது இங்கே வேண்டாம்.

பிடோக்_அத்தை | 7 ஜூலை, காலை 5.40

தூக்கம் வரவில்லை, இதைப் படித்ததால்தான்.

பதினோரு நாய் என்று பெருமையாக எழுதினேன். இரண்டாவது நாயைப் பற்றி எழுதவில்லை. கறுப்பு ஆண் நாய், நாலு வயது. கறுப்பு நாயை யாரும் கேட்க மாட்டார்கள், படத்தில் முகமே தெரியாது. ஏழு மாதம் என்னிடம் இருந்தான். அவனுக்கு ஒரே ஒரு குறை, சாப்பிடும்போது யாராவது கிண்ணத்தின் பக்கம் வந்தால் உறைந்துபோய் மெல்ல உறுமுவான். நான் தனியறையில் சாப்பாடு வைத்துக் கதவைச் சாத்திவிடுவேன், பிரச்சினையே இல்லை. அப்போது ஒரு குடும்பம் கேட்டது, நல்ல மனிதர்கள், ஐந்து வயதில் ஒரு பையன். படிவத்தில் "உணவைக் காப்பானா" என்ற இடத்தில் நான் "இல்லை" என்று எழுதினேன். பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டில்தான் கதவு இருக்கிறதே.

ஒன்பதாம் நாள் அந்தப் பையன் கீழே விழுந்த பிஸ்கட்டை எடுக்கக் குனிந்தான். விரலில் மூன்று தையல். அவர்கள் என்னைத் திட்டவே இல்லை, நாயைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "நீங்கள் சொல்லியிருந்தால் நாங்களும் கதவைச் சாத்தியிருப்போம்" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். அவன் தாளில் "குழந்தையைக் கடித்தவன்" என்று ஏறிவிட்டது. அதன்பிறகு அவனுக்கு வீடு கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவன் செய்த தப்பைவிட நான் செய்தது பெரிது.

தேக்கா தம்பி, குறட்டை விடுகிறவளால் யாருக்கும் தையல் விழாது.

எழுதுங்கள் தங்கச்சி. ஹெல்மெட் என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை அடி தூரத்தில் தொடங்குகிறாள், நீங்கள் என்ன செய்தால் அடங்குகிறாள், ஹெல்மெட்டைக் கழற்றினால் என்ன செய்கிறாள், முழுக்க எழுதுங்கள். குரைக்கும் நாய் என்று கேட்டால் பயந்து ஓடுகிறவர்கள்கூட, இந்தத் தூரத்தில் இப்படித் திரும்பி நடந்தால் போதும் என்று படித்தால் யோசிப்பார்கள். அடோர் என்பதால் எப்படியும் பயிற்சி வகுப்புக்குப் போகத்தான் வேண்டும், பயிற்சியாளருக்கும் அந்தக் குறிப்பு வேண்டும்.

ஈசூன்வாசி | 7 ஜூலை, இரவு 9.15

எழுதிவிட்டேன், ஒன்றரைப் பக்கம். பதினைந்தடியில் தொடங்குகிறாள். ஹெல்மெட்டைக் கழற்றி, கையைத் தொங்கவிட்டு நின்றால் ஒரு நிமிடத்தில் அடங்கி, போய் முகர்ந்து பார்க்கிறாள். நாலாவது மாடி டெலிவரித் தம்பி ஒருவர் மூன்று தடவை நின்று சோதனைக்கு உதவினார். அனுப்பிய பின் கை நடுங்கியது உண்மை.

துவாஸ்_தம்பி | 8 ஜூலை, இரவு 12.30

அக்கா, ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாரும் எங்களை மாதிரி இல்லை. சில பேர் கல்லெடுத்து எறிவார்கள். அதுதான்.

ஈசூன்வாசி | 11 ஆகஸ்ட், இரவு 10.50

முடிந்தது. கடைசிப் பதிவு, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

ஹவ்காங் தம்பதி படிவத்தைப் படித்துவிட்டு வந்தார்கள். அந்த வீட்டு மாமா தன் பழைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கையில் கொண்டுவந்தார்! தலையில் போடாமல் தரையில் வைத்து, அதற்குள் கோழித்துண்டு போட்டுவிட்டு, தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இருபத்தைந்து வருடமாகப் பைக் ஓட்டுகிறாராம், அவர் வீட்டுக்கு வரும் நாய்க்கு இது தெரியாமல் எப்படி என்றார். நான் மறைத்திருந்தால் முதல் நாள் மாலையே வேலையிலிருந்து ஹெல்மெட்டோடு கதவைத் திறந்திருப்பார். அத்தை, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அப்புறம் நாலு சந்திப்பு, குழு அவர்கள் வீட்டைப் போய்ப் பார்த்தது, கேட்டுக்கு வலை, சன்னலுக்குக் கம்பி. இரண்டு வாரச் சோதனைத் தங்கல் நேற்று முடிந்து, கையெழுத்துப் போட்டார்கள். தேசிய தினத்தன்று அவர்கள் வீட்டுக் கழிப்பறையில் போர்வை, மின்விசிறி எல்லாம் தயாராக இருந்ததாம்.

அனுப்பிய அன்று சின்னவள் அழுதாள். பெரியவன் அழவில்லை, இரண்டு நாள் பேசவில்லை. ஜூரோங் மாமா, உங்கள் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. மேசைக்கு அடியில் கால் நீட்டும்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. மாமியார் அந்த எவர்சில்வர் தட்டைக் கழுவிப் பையில் வைத்து, "அது அவளோடது, இங்க எதுக்கு" என்றார். நாய் கிளம்பும்போது அறையைவிட்டு வெளியே வரவில்லை. குக்கரை மட்டும் இப்போது பயன்படுத்துகிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அந்த அம்மாவுக்காகத் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தேன்: வா, இந்தா, பொறு, போதும், வேண்டாம், படு. செவலை என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள், கொஞ்சம் "சேவ்லே" என்று வருகிறது, அவள் திரும்பிப் பார்க்கிறாள். நேற்றிரவு அந்த அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. மீன் வறுக்கும்போது நாய் சமையலறை வாசலில் வந்து கோட்டில் நிற்கிறதாம், எதையோ கேட்கக் காத்திருப்பதுபோல அவர் முகத்தையே பார்க்கிறதாம், பட்டியலில் உள்ள ஆறு சொல்லையும் சொல்லிப் பார்த்தாயிற்றாம், படுக்கவில்லையாம்.

போனை மாமியாரிடம் கொடுத்தேன். இரண்டு தடவை சொல்லிப் பதிவு செய்து அனுப்பினார். முதல் தடவை குரல் சரியாக வரவில்லையாம்.

துவாஸ்_தம்பி | 12 ஆகஸ்ட், இரவு 12.45

படம் அக்கா.